பீரோவுக்குள் போன சட்டை

ஜூலை 7, திங்கள்

இன்று முதல் எட்டரை மணி சீரியல் பார்க்க வேண்டியதாகிவிட்டது. தொழில் அப்படி.

ஒரு வாரமாக வெளியூர்க் கடைக்காரர்கள் போனில் ஒன்றையே கேட்கிறார்கள். "நிரஞ்சன் சட்டை இருக்கா?" விளக்குத்தூண் பக்கம் பத்தொன்பது வருடமாக ரெடிமேட் சட்டை மொத்த வியாபாரம் செய்கிறேன். நிரஞ்சன் என்று ஒரு துணியும் கிடையாது, ஒரு மில்லும் கிடையாது. என் தையல் யூனிட்டைப் பார்த்துக்கொள்கிற காஜா மைதீனிடம் கேட்டேன். சிரித்தார். "மொதலாளி, அது டிவி ஹீரோ. எந்நேரமும் கருப்பு முழுக்கை. பாக்கெட்டுல வெள்ளி நூல்ல ஒரு தேள். என் மகன் பாத்ரூம் போனாக்கூட அந்தச் சட்டையிலதான் போறான்."

சரி, பார்த்துவிடுவோம் என்று எட்டரைக்கு வீட்டில் உட்கார்ந்தேன். ஜோதி (என் மனைவி, நாகஜோதி; கல்யாணமாகி இருபத்தாறு வருடம்) முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

இந்த நிரஞ்சன் பெரிய கம்பெனி முதலாளியாம். சிரிக்கமாட்டான், பேசமாட்டான். யாராவது அழுதால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். மகிழினி என்ற பெண்ணைக் கட்டாயத்தில் கல்யாணம் செய்து வீட்டில் வைத்திருக்கிறான். அவள் கேட்கும் எதற்கும் பதில் இல்லை. அரை மணி நேரத்தில் இவன் பேசியது நான்கு வார்த்தை. இவனைத் தமிழ்நாடே உட்கார்ந்து பார்க்கிறது.

ஆனால் சட்டை நன்றாக இருக்கிறது. தேள் எம்பிராய்டரி சுலபம்.

ஜூலை 10, வியாழன்

கருப்புத் துணிக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

சீரியலில் நிரஞ்சனுக்குப் பிறந்தநாள். மகிழினி தன் வளையலை அடகு வைத்து அவனுக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்கி வந்து, கண்ணாடித்தாள் மூடி போட்ட அட்டைப்பெட்டியோடு நீட்டினாள். "நான் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு, அதைப் பிரித்தும் பார்க்காமல் பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டினான். அவள் நின்றது நின்றபடியே நின்றாள். பின்னால் வயலின்.

நான் சட்டையைத்தான் கவனித்தேன். காட்டன். காலர் ஒட்டியது சரியில்லை.

ஜோதி பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். "நாளை" என்று அடுத்த நாள் காட்சியைக் காட்டுவார்களே, அதை அவள் விடவே மாட்டாள். இன்று அதையும் பார்க்கவில்லை. அடுப்பில் பால் ஏதாவது வைத்திருந்தாள் போல.

சாப்பாடு போடும்போது அவளாகவே சொன்னாள். "அந்தச் சட்டை திரும்ப வரும்."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"பீரோவுக்குள்ளதானே போட்டான். இன்னும் வீட்டுலதானே இருக்கு."

ஜூலை 28, திங்கள்

ஆடித் தள்ளுபடியிலும் கருப்பு தள்ளுபடி இல்லாமல் ஓடுகிறது. உசிலம்பட்டி ஒச்சப்பன் இரண்டு முறை வந்து அள்ளிக்கொண்டு போனார். பத்து வருடமாக என்னிடம் மட்டுமே எடுக்கிறவர், வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, ஊருக்குள்ள வந்து பாருங்க. பயலுக பூராம் எழவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போற மாதிரியே திரியுறாய்ங்க. கேட்டா ஸ்டைலாம்."

இந்த நேரத்தில் துணிகிறவன்தான் வியாபாரி. தீபாவளிக்கு மூவாயிரம் கருப்புச் சட்டை போடச் சொல்லிவிட்டேன். வருடத்தில் பாதி வியாபாரம் தீபாவளிதான். அதில் நாற்பது கடைக்காரர்கள் என் வாயைப் பார்த்து எடுக்கிறார்கள். சோலைமலை கொடுத்த சரக்கு தங்காது என்று என் பெயருக்கு இருக்கிற பேச்சு ஒன்றுதான் என் முதல்.

வீட்டில் சொன்னேன்.

"தீபாவளிக்கா? கருப்பா?" என்றாள்.

"உலகமே போடுது."

"அவனே போடமாட்டான்."

"நீ பூண்டை உரி" என்றேன். உரித்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காரில் போகும்போது மகிழினி இருமினாள். நிரஞ்சன் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றினான். அவ்வளவுதான் காட்சி. இதற்கு மூன்று விளம்பரம்.

"ஆரம்பிச்சிட்டான்" என்றாள் ஜோதி.

"என்னத்த ஆரம்பிச்சான்? ஏசி போட்டா கண்ணாடிய ஏத்தத்தான் செய்வாங்க."

"ஏசி முன்னாடியே ஓடுச்சு. அவ பக்கத்துக் கண்ணாடிய மட்டும் ஏத்துனான். அவளுக்குத் தெரியாம ஏத்துனான், அதப் பாத்தீங்களா?"

நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது சட்டை. அது கருப்பாக இல்லை. சாம்பல் மாதிரி தெரிந்தது. ரிமோட்டை எடுத்து டிவியின் கலரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். மகிழினியின் முகம் பச்சையாகியது, சட்டை சாம்பலாகவே இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றும் சாம்பல். காஜா மைதீன் அவர் வீட்டு டிவியிலும் சாம்பல்தான் என்கிறார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. காலையில் கொழுக்கட்டை. கடையில் கூட்டம் சுமார்.

சீரியலிலும் கொழுக்கட்டை. மகிழினி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு நிரஞ்சன் ஒன்றை எடுத்து வாயில் போடுகிறான். நல்லாயிருந்தது போல, இன்னொன்றும் எடுக்கிறான். ஜோதி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டை நீலம். தேளும் இல்லை.

சென்னையில் எனக்குத் தெரிந்த துணி ஏஜென்ட் ஒருவர் ஷூட்டிங் ஆட்களோடு பழக்கம் உள்ளவர். போன் போட்டு, "அந்தப் பயலுக்குத் திரும்பக் கருப்பு மாட்டிவிட என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவர் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, கதைப்படி அவரு கொஞ்சம் கொஞ்சமா மாறுறாராம். மனசு மாற மாற சட்டையும் மாறுமாம். டைரக்டர் சொல்லியாச்சாம்."

ஒருத்தன் கொழுக்கட்டை தின்றதற்கு என் மூவாயிரம் சட்டை என்ன பாவம் செய்தது?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒச்சப்பன் நான்கு பண்டலைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவின் முன்னால் இறக்கினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பயலுக இப்ப நீலம் கேக்குறாய்ங்க. கருப்பக் காட்டுனா, 'மாமா, இது பழைய நிரஞ்சன்'ங்கிறாய்ங்க. நேத்துப் பொறந்த சீரியலுக்குப் பழசு புதுசு வேற."

சைக்கிளின் பின்னால் சட்டை மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாக விற்ற நாளிலிருந்து, கொடுத்த சரக்கு எனக்குத் திரும்பி வந்தது கிடையாது. இன்று வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒச்சப்பனுக்குக் காபி சொன்னேன். அவர் குடித்து முடிப்பதற்குள் பண்டல்களை உள்ளே தள்ளினேன்.

எட்டரைக்கு அந்தப் பயல் மகிழினிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான். இளநீலத்தில்.

கத்திவிட்டேன். "ஒரு ஆம்பள, ஒரு தீபாவளி வரைக்கும் கல்லு மாதிரி இருக்க முடியாதா?"

ஜோதி முறத்தைவிட்டு நிமிரவில்லை. "முடியும். எனக்குத் தெரிஞ்சு இருபத்தாறு வருஷம்கூட இருக்கலாம்."

யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. அவள் அப்பாவாக இருக்கும். அவர் ஒரு மாதிரியான ஆள்.

செப்டம்பர் 15, திங்கள்

தொழிலில் கௌரவம் பார்க்கக் கூடாது. யாருக்கு விவரம் தெரியுமோ அவர்களிடம் கேட்க வேண்டும். இரண்டு மாதத்தில் இந்த நிரஞ்சன் விஷயத்தில் ஜோதி சொன்ன எதுவும் தப்பவில்லை. விளம்பரம் ஓடும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன்.

"தீபாவளிக்கு இவன் என்ன சட்டை போடுவான்?"

முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "மெய்யாவே கேக்குறீங்களா?"

"மெய்யாத்தான்."

முறத்தைக் கீழே வைத்தாள். "தீபாவளி வாரம் சீரியல்லயும் தீபாவளிதான். எல்லா வருஷமும் அப்படித்தான். எண்ணெய் தேச்சு, பலகாரம் சுட்டு, புதுத்துணி உடுத்துவாங்க. எந்த வீட்டுல கருப்பு எடுப்பாங்க? இவனுக்குப் புதுத்துணி வாங்க வேண்டியதும் இல்ல. பீரோவுல ஒண்ணு பிரிக்காமக் கெடக்கு."

அந்த மஞ்சள் சட்டை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரக்கு வாங்குகிற அவசரத்தில், சீரியல்காரனுக்கும் தீபாவளி வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது தீபாவளி பார்த்த வியாபாரி நான்.

"சரி, மஞ்சள்னா எந்த மஞ்சள்? மஞ்சள்ல நாப்பது இருக்கு" என்றேன்.

எழுந்து உள்ளே போனாள். அவளுடைய பெட்டியிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். சந்தனம் கரைத்த மாதிரி ஒரு மஞ்சள். மடிப்பு நெடுக வெளுத்திருந்தது. தைக்காத துணி.

"இதேதான். டிவியில அன்னைக்குப் பாத்ததும் இதான்னு தோணுச்சு."

"இது எப்ப வாங்குன?"

"அந்தச் சட்டை எடுத்தப்ப, அதுக்குச் சோடியா இருக்கட்டும்னு எடுத்தது."

"எந்தச் சட்டை?"

விளம்பரம் முடிந்துவிட்டது. சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரவிக்கைத் துணியைக் காஜாவிடம் சாம்பிளாகக் கொடுத்தேன். மூலையில் துளி வெட்டிக்கொள்ளலாமா என்று கத்தரியை எடுத்தார். வேண்டாம், வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். துணியின் மேல் நூலை வைத்து நிறம் பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

எந்தச் சட்டை என்பது இன்று கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. எழுதிவைக்கிறேன். இந்த டைரியில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

கடை திறந்த முதல் வருடம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். அப்போது ஜோதி அப்பளம் இட்டுக் கொடுத்துக் கையில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். அதில் மாசி வீதியில் ஒரு பெரிய கடையில் எனக்கு மஞ்சள் சட்டை எடுத்து வந்தாள். நான் காலரைத் திருப்பிப் பார்த்தேன். தையல் லூஸ். "உன்ன நல்லா ஏமாத்திட்டான். நம்மகிட்ட இது பாதி வெல. சட்டை விக்கிறவனுக்கு யாராச்சும் சட்டை வாங்குவாங்களா?" என்றேன். மறுநாள் ஒருவர் அதே அளவு கேட்டார், கடையில் அந்த அளவு தீர்ந்திருந்தது. ஜோதி எடுத்த சட்டையைக் கொடுத்துவிட்டேன். லாபத்துக்குத்தான் கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

நிரஞ்சன் பயலாவது பீரோவில் போட்டான்.

செப்டம்பர் 24, புதன்

மஞ்சள் தையல் நடக்கிறது. யூனிட் முழுக்க மஞ்சள். "மொதலாளி, கல்யாண வீட்டுப் பந்திக்குச் சாம்பார் ஊத்துன மாதிரி இருக்கு. இது விக்கலைன்னா நாமெல்லாம் ஆளுக்கு அம்பது போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்" என்கிறார் காஜா. கருப்பு மூட்டைகள் குடோனில் கூரை வரைக்கும் நிற்கின்றன. இரண்டும் தங்கினால் அடுத்த தீபாவளிக்கு யாரும் என் வாயைப் பார்க்கமாட்டார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், எட்டரைக்கு இடி.

மகிழினி கம்பெனி ரகசியத்தை எதிரிக்குக் கொடுத்துவிட்டாளாம். எவளோ ஒருத்தி வந்து சொன்னாள், இவன் நம்பிவிட்டான். மறுபடியும் ஜன்னல். மறுபடியும் கருப்பு, தேளோடு.

அக்டோபர் 3, வெள்ளி

காலை ஏழு மணிக்கே ஒச்சப்பன் போன். "அண்ணே, அந்தக் கருப்பு இருக்கா? பயலுக திரும்பக் கேக்குறாய்ங்க!"

என் நிலைமையை யாரிடம் சொல்ல? குடோனில் இருப்பதைத் தள்ளிவிட நல்ல சமயம். தள்ளியிருப்பேன். ஆனால் மறுபடியும் திரும்பி வந்தால்? இரவு ஜோதியிடம் கேட்டேன்.

"மஞ்சளை நிறுத்தச் சொல்லவா? இவன் பழையபடி ஆயிட்டானே."

"ஆகல."

"கத்துறான்ல? சட்டையப் பாத்தேல்ல?"

"கத்துறான். மொதல்ல எல்லாம் அவ என்ன செஞ்சாலும் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கானா? இப்ப, 'ஏன் இப்படிச் செஞ்ச'ன்னு மூணு நாளா அதையே கேக்குறான். தனக்கு ஒண்ணுமில்லாதவ மேல யாரும் இவ்வளவு கோவப்பட மாட்டாங்க. பேசாம இருக்கிறதுதாங்க மோசம்." பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "மஞ்சளை நிறுத்தாதீங்க."

ஒச்சப்பனைக் கூப்பிட்டேன். "கருப்பு தர்றேன், ஆனா அது தீபாவளி வரைக்கும் தாங்காது. மஞ்சள் எடுத்து வச்சுக்க."

"யாருண்ணே சொன்னா?"

"வீட்டுல."

அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். "அண்ணே, சோலைமலை அண்ணே! அண்ணி சொல்லி நீங்க யாவாரம் பாக்குறீகளா? எப்ப இருந்து?"

"இத்தன வருஷம் பாக்காம விட்டதுதான் தப்பு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், ஜோதி கதவோரம் காபியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கருப்பு.

அக்டோபர் 8, புதன்

கருப்பு. இடையில் கரண்ட் வேறு போனது. பக்கத்துத் தெரு இன்வெர்ட்டர் வீட்டில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தோம். ஐம்பத்து நான்கு வயதில் அடுத்த வீட்டு டிவி.

அக்டோபர் 10, வெள்ளி

கருப்பு. தீபாவளிக்குப் பத்து நாள். நாற்பது கடையில் மஞ்சள் எடுத்தது ஆறு, அதுவும் என் முகத்துக்காக. காஜா கணக்கு கேட்க வந்து, என்னைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மதியம் படத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது. "இந்த வாரம், தீபாவளி சிறப்பு."

நிரஞ்சன் தனியாக அறைக்குள் வருகிறான். பீரோவைத் திறக்கிறான். குனிந்து அடித்தட்டில் கையை விடுகிறான். அட்டைப்பெட்டி. அதே பெட்டி.

என் போன் அடித்தது. எடுக்கவில்லை.

சட்டையை விரித்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறான். போட்டுக்கொள்கிறான். கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருக்கிற மகிழினி திரும்புகிறாள். அவன் சொல்கிறான், "அளவு சரியா இருக்கு." சிரிக்கிறான். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் எதற்கு மூடி வைத்திருந்தானோ.

சட்டையின் நிறம் அந்த ரவிக்கைத் துணியேதான். இம்மி மாறவில்லை.

போன் விடாமல் அடித்தது. ஒச்சப்பன், மேலூர், திருமங்கலம், மறுபடி ஒச்சப்பன். நான் ஜோதியைப் பார்த்தேன். பூண்டை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பூண்டு காரம்" என்றாள்.

வெங்காயத்துக்குத்தான் கண் எரியும். பூண்டுக்கு எரியாது.

அக்டோபர் 15, புதன்

மஞ்சள் தீர்ந்துவிட்டது. இரண்டு ஷிஃப்ட் ஓட்டியும் போதவில்லை. ஒச்சப்பன், "அண்ணிகிட்ட அடுத்து என்ன ஓடும்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்கிறார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறார். கருப்பு மிச்சத்துக்கும் ஜோதியே வழி சொன்னாள்: கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கு ஆகும், தேளை மட்டும் பிரித்துவிட வேண்டும். நான்கு பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் மூன்று நாளாக எரிச்சல் அடங்கவில்லை. ரவிக்கைத் துணியை அவளிடம் திருப்பிக் கொடுக்கும்போது, நம் மஞ்சளில் ஒரு சட்டையையும் சேர்த்து எடுத்துப் போனேன்.

"தீபாவளிக்கு இத நான் போட்டுக்கட்டுமா?"

பார்த்தாள். "நம்ம கடைச் சரக்குதானே. போட்டுக்கங்க."

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

கடை திறந்த வருடம் ஜோதி எடுத்த சட்டையை வாங்கிப் போனவர் யார், எந்த ஊர், ஒன்றும் ஞாபகமில்லை. இந்த ஊரில் எந்தச் சட்டை வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் என்னால் வரவழைக்க முடியும். அது ஒன்றை முடியாது. எனக்குப் பீரோ கிடையாது.

அக்டோபர் 19, ஞாயிறு

கடையைக் காஜாவிடம் விட்டுவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கு முதல் நாள் நான் இப்படிச் செய்தது இதுவரை இல்லை.

"கிளம்பு. எனக்குச் சட்டை எடுக்கணும்."

"குடோன் நெறையச் சட்டை வச்சுக்கிட்டு?"

"நம்ம சரக்கு வேணாம். வேற கடை. நீ எடுத்துக் குடு."

சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். மாசி வீதியில் நடக்கவே இடமில்லை. அந்தப் பெரிய கடை இப்போது நான்கு மாடி. முக்கால் மணி நேரம் அவள் பார்த்தாள். ஒவ்வொன்றாக என் தோளில் வைத்துப் பார்ப்பாள், எடுத்துவிடுவாள். நான் மரம் மாதிரி நின்றேன். விற்கிற பையன் ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னான். அடக்கம் என்ன, கூட வைத்திருப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறக்கவில்லை. பேரம் பேசாமல், முழு விலைக்கு, கைப்பையிலிருந்து எண்ணி அவளே கொடுத்தாள். நானே கொடுக்கிறேன் என்று போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

அவள் எடுத்தது மஞ்சள் இல்லை. இளம்பச்சை.

"மஞ்சள் எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"அதத்தான் இப்ப ஊரே போட்டுக்கிட்டுத் திரியுதே" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய்க் குளியல். வெடிச் சத்தம் ஐந்து மணிக்கே. சாமி முன்னால் மஞ்சள் தடவி வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். ஜோதி பின்னால் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"அளவு சரியா இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் சொன்னது என்று தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"காலரத் திருப்பிப் பாத்தீங்களா?"

"பாக்கல."

இந்த டைரியில் பொய் எழுதிப் பழக்கமில்லை என்று முன்பு எழுதியிருக்கிறேன். அதனால் காலர் தையலைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை.